ஸ்டென்ட் வைத்த பிறகு தாம்பத்தியம்: யாரிடம் கேட்பது?

காவிரிக்கரை

வணக்கம். இந்தப் பகுதியில் சர்க்கரை, தைராய்டு, முழங்கால் வலி எல்லாவற்றையும் பேசுகிறோம். நான் கேட்கப்போவதை மட்டும் இதுவரை யாரும் கேட்கவில்லை. பெயர் தெரியாத இடம் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 52 வயது. ஆடி மாதம் மாரடைப்பு வந்தது. அன்றே ஆஞ்சியோ செய்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மார்கழி. காலையில் நடக்கப் போகிறார், கடையைத் திறக்கிறார், சரக்குக்காரர்களிடம் பழையபடி சண்டை போடுகிறார். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 50 சதவீதம் என்று வந்திருக்கிறது, பரவாயில்லை என்று மருத்துவர் சொன்னார்.

மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே என் மாமியார் அவருக்குக் கூடத்தில் கட்டில் போட்டுவிட்டார். "அவனைத் தொந்தரவு செய்யாதே" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். 25 வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் சில வாரம் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு, மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். இப்போது எனக்குப் பயம் குறைந்துவிட்டது, அவருக்குக் குறையவில்லை. போன வாரம் யாரும் இல்லாத நேரத்தில் என் கையைப் பிடித்தார். அடுத்த நொடி, மகன் வாங்கிக்கொடுத்த நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 98 என்று காட்டியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிட்டார்.

டிஸ்சார்ஜ் தாளில் உப்பு, எண்ணெய், ஊறுகாய், அப்பளம் வரை எழுதியிருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. உண்மையிலேயே ஆபத்தா? எத்தனை நாள் கழித்து? "மருத்துவரிடம் கேளுங்கள்" என்றால், "இதையெல்லாம் எந்த முகத்தோடு கேட்பது" என்கிறார்.

மேலவீதி

அம்மா, தவறாக நினைக்க வேண்டாம். உயிர் பிழைத்து வந்திருக்கிறார், அதுவே பெரிது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நம் பெரியவர்கள் ஒரு வயதுக்கு மேல் ஒதுங்கி இருக்கச் சொன்னதில் காரணம் இருக்கிறது. ஒரு துளி விந்து நாற்பது துளி ரத்தத்துக்குச் சமம் என்பார்கள். இதயம் பலவீனமான மனிதர் அதை வீணாக்கலாமா? பிரெஞ்சு அதிபர் ஒருவரே அந்த நிலையில் மாரடைப்பில் போனதாகப் படித்திருக்கிறேன்.

தரவு தேடி

ஐயா, அந்த அதிபர் ஃபெலிக்ஸ் ஃபோர். 1899இல் எலிசே மாளிகையில் இறந்தார். இறப்புக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது மூளை ரத்தக்கசிவு, மாரடைப்பு அல்ல. உடன் இருந்தவர் அவருடைய மனைவியும் அல்ல. எனவே அந்த உதாரணம் இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

நாற்பது துளிக் கணக்குக்கு உடலியலில் இடமே இல்லை. விந்து ரத்தத்தைக் காய்ச்சி வருவதில்லை.

எண்கள் வேண்டுமானால் தருகிறேன். 1996இல் அமெரிக்காவில் மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களைக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். மாரடைப்புக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் உடலுறவு கொண்டவர்கள் உண்டா என்று பார்த்தார்கள். உடலுறவு தூண்டுதலாக இருந்திருக்கக்கூடியவை 100 மாரடைப்புகளில் ஒன்றுக்கும் குறைவு. ஆரோக்கியமான 50 வயதுக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்றால், உடலுறவுக்குப் பின் அது பத்து லட்சத்தில் இரண்டு ஆகிறது. "இரண்டு மடங்கு" என்று தலைப்புப் போட்டால் பயமாக இருக்கும், எண்ணைப் பார்த்தால் அவ்வளவு இல்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு அடிப்படை வாய்ப்பு அதிகம்தான், ஆனால் அவர்களுக்கும் கூடுதலாகச் சேர்வது சிறிய அளவே. முறையாக உடற்பயிற்சி செய்பவர்களிடம் அந்தக் கூடுதலும் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

வார்டு சிஸ்டர்

பல வருடங்களாக இதயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சகோதரி, நீங்கள் கேட்டது தினமும் எங்கள் வார்டில் கேட்கப்படாமல் போகும் கேள்வி.

டிஸ்சார்ஜ் ஆகும் காலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காப்பீட்டுத் தாளில் கையெழுத்து, மருந்து உறையில் 1-0-1 என்று எழுதி விளக்குவது, ஆட்டோ வந்துவிட்டதா என்று மருமகன் வாசலுக்கும் கட்டிலுக்கும் அலைவது, இவற்றுக்கு நடுவே நோயாளி மட்டும் கிளம்பாமல் நிற்பார். "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா அண்ணா?" என்றால், சுற்றி நிற்கும் ஐந்து பேரைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை சிஸ்டர்" என்பார். அந்த "ஒன்றும் இல்லை" என்ன என்று எங்களுக்குத் தெரியும். நாங்களும் கேட்பதில்லை. கேட்டால் தலைமைச் செவிலியர் என்ன சொல்வாரோ, அந்த வீட்டுப் பெண்கள் என்ன நினைப்பார்களோ என்று எங்களுக்கும் ஒரு தயக்கம்.

இனிப் பதில். அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சிக்கல் இல்லாத மாரடைப்பாக இருந்து, சாதாரண நடை, வேலைகளில் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லையென்றால், ஒரு வாரத்துக்குப் பிறகே உடலுறவு கொள்ளலாம் என்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கையிலோ தொடையிலோ குழாய் நுழைத்த இடம் ஆறியிருந்தால் சில நாட்களே போதும். பைபாஸ் செய்தவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும், நெஞ்செலும்பு கூட வேண்டும் என்பதற்காக. ஆடியில் ஸ்டென்ட் வைத்தவர் மார்கழியிலும் கூடத்தில் படுத்திருக்க இதயத்தில் காரணம் இல்லை.

யாருக்குக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், வலி நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வருபவர்கள், காலில் வீக்கமும் படுத்தால் மூச்சுத்திணறலும் இருக்கும் இதயச் செயலிழப்புக்காரர்கள், கட்டுக்குள் வராத துடிப்புக் கோளாறு இருப்பவர்கள், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கி அறிகுறி தெரிபவர்கள். இவர்கள் முதலில் சிகிச்சையில் நிலைப்பட வேண்டும்.

காவிரிக்கரை

மிக்க நன்றி சிஸ்டர். ஒரு வாரம் என்பதை இரண்டு முறை படித்தேன். "சாதாரண வேலை" என்பதை எப்படி அளப்பது? அந்தக் கைக்கடிகார எண்ணை நம்பலாமா?

தரவு தேடி

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை 1 மெட் என்று வைத்துக்கொள்கிறார்கள். நெடுநாள் துணையுடன் உடலுறவுக்கு ஆவது 3 முதல் 5 மெட். இரண்டு மாடி விறுவிறுவென்று ஏறுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாடித்துடிப்பு பெரும்பாலும் 130ஐத் தாண்டுவதில்லை, உச்சத்தில் இருப்பதும் சில நொடிகள்தான். 98 என்பது கடைக்கு நடந்து போனாலே வரும் எண். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைப்பது உத்தமம்.

டிரெட்மில் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையில் மெட்ஸ் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். வலியோ ஈசிஜியில் மாற்றமோ இல்லாமல் 5க்கு மேல் போயிருந்தால் போதும். முழங்கால் வலிக்காரர்கள் மாடிப்படியை நம்பி முடிவெடுக்க வேண்டாம், அங்கே மூட்டுதான் முதலில் நிறுத்தும்.

நெல்லை பைபாஸ்

எனக்கு 58. போன வருடம் பைபாஸ், நான்கு இணைப்பு. ஆண்கள் யாரும் வாய் திறக்காததால் நான் எழுதுகிறேன்.

எட்டு வாரம் என்பது எலும்புக்கு. மனதுக்கு யாரும் கெடு எழுதிக் கொடுப்பதில்லை. நெஞ்சைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கிறார்கள். இருமினாலும் தும்மினாலும் ஒரு தலையணையை மார்போடு இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அந்தத் தலையணை வீட்டில் எனக்கும் மனைவிக்கும் நடுவே வேலியாக நிரந்தரமாகவே தங்கிவிட்டது. அவர் இடப்பக்கம் என் மார்பில் தலை வைத்துத் தூங்கிப் பழகியவர். அங்கேதான் இணைப்புக்காக உள்மார்புத் தமனியைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துத் தோலில் இன்னும் பாதி உணர்ச்சி இல்லை, தொட்டால் யாரோ வேறொருவரைத் தொடுகிற மாதிரி இருக்கும். இது பலருக்கும் வருவதுதான், மெல்லக் குறையும் என்று மறுபரிசோதனையில் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அவரை வலப்பக்கம் வரச் சொல்ல எங்களுக்கு மாதக்கணக்கானது. சிரிக்காதீர்கள், கட்டிலில் பக்கம் மாறுவது சிறிய காரியம் இல்லை.

நடைமுறைக்குச் சில. கைகளை ஊன்றி உடல் பாரத்தைத் தாங்குவது முதல் மாதங்களில் வேண்டாம், நெஞ்செலும்பில் இழுக்கும். பக்கவாட்டில் படுப்பது, அல்லது நோயாளி மல்லாந்து இருப்பது எளிது. அதனால் இதயத்துக்கு வேலை குறையும் என்றெல்லாம் இல்லை, எலும்புக்காகத்தான். விருந்துச் சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம். குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். விடியற்காலையில் உடல் ஓய்ந்து இருக்கும், எங்களுக்கு அது ஒத்துவந்தது.

இன்னொன்று. முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இனி அவ்வளவுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அப்போது எனக்குச் சாப்பாடும் பிடிக்கவில்லை, பேத்தி வந்தால்கூட எரிச்சல். அது மனச்சோர்வு என்று கண்டுபிடித்தது குடும்ப மருத்துவர். மாரடைப்புக்கும் இதய அறுவைக்கும் பிறகு ஐந்தில் ஒருவருக்காவது வருமாம். அதற்குச் சிகிச்சை எடுத்த பிறகுதான் மற்றது தானாக வந்தது.

மேலவீதி

ஒரு துறவியைப் போல இருக்கச் சொல்லவில்லை ஐயா, நிதானம் வேண்டும் என்றேன். ஆனால் மாத்திரைகளே ஆண்மையைக் குறைக்கும் என்கிறார்களே. என் தம்பி அந்தப் பயத்தில் மெட்டோப்ரோலால் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டான்.

பழைய கம்பவுண்டர்

உங்கள் தம்பியை இன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறி, நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். குறைப்பதென்றால் படிப்படியாகத்தான், அதுவும் எழுதிக்கொடுத்தவர் சொல்லி.

நான் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்றவன். மருந்துக் கடையில் இரவு ஒன்பது மணிக்கு மேல், வேறு வாடிக்கையாளர் இல்லாத நேரம் பார்த்து வந்து, தைலம், விக்ஸ் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் மெல்லக் கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெட்டோப்ரோலால் பீட்டா தடுப்பான் என்ற வகை. அந்த வகையில் பழைய மாத்திரைகள் சிலருக்கு விறைப்பைக் குறைப்பது உண்டு. நெபிவலால் அந்த வகையில் மென்மையானது. நீர் பிரியக் கொடுக்கும் தயாசைடு வகை, ஸ்பைரோனோலாக்டோன் இவற்றாலும் வரலாம். பின்னதில் சில ஆண்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும், அதற்கு மாற்று உண்டு. கொழுப்புக்கான ஸ்டாடின்மீது பழி போடுகிறார்கள், அதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இவற்றையெல்லாம் மாற்றித் தர முடியும், கேட்டால்தான்.

ஆனால் ஒரு வேடிக்கை. 2003இல் இத்தாலியில் இதய நோயாளிகளான ஆண்களை மூன்று குழுவாகப் பிரித்து, எல்லாருக்கும் அதே பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்த அட்டினலால் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே சொல்லப்படாதவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் விறைப்புக் குறை. மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 16. "இதனால் அப்படி ஆகலாம்" என்று சொல்லப்பட்டவர்களில் 31. மாத்திரை ஒன்றே.

தரவு தேடி

அப்படியானால் இதை இங்கே எழுதி எங்கள் எல்லாரையும் மூன்றாவது குழுவில் சேர்த்துவிட்டீர்கள்.

பழைய கம்பவுண்டர்

அதற்காகத்தான் எண்களையும் சேர்த்துச் சொன்னேன்.

இனி நான் சொல்வதை வீட்டில் இதய நோயாளி இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரையோடு, விறைப்புக்கு எடுக்கும் சில்டெனாஃபில், டடாலஃபில் வகை மாத்திரை சேரக் கூடாது. இரண்டும் ரத்தக் குழாய்களை ஒரே வழியில் தளர்த்துபவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், ஆள் மயங்கி விழுந்து இறந்தும் போகலாம். தினமும் காலையில் எடுக்கும் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டும் அதே வகைதான். நம் ஊரில் அதிகம் எழுதப்படும் நிக்கோரண்டிலுக்கும் இதே விதி, அதைப் பலர் கவனிப்பதில்லை. சில்டெனாஃபில் சாப்பிட்டால் 24 மணி நேரத்துக்கும், டடாலஃபில் சாப்பிட்டால் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் எதுவும் கூடாது.

நைட்ரேட் தேவைப்படாத, நிலையான இதய நோயாளிக்கு, மருத்துவர் சீட்டோடு இந்த மாத்திரைகள் பெரும்பாலும் பாதுகாப்பானவைதான். ஒட்டுமொத்தமாகப் பயப்பட வேண்டாம். சில்டெனாஃபிலே இதயத்துக்காகத் தேடப்பட்ட மருந்துதான். இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்துச் சாண்ட்விச் ஊரில் ஃபைசர் ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்கென்று சோதித்தார்கள். நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை, சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொன்றைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நுரையீரல் அழுத்த நோய்க்குக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும்கூட அதே மருந்தை எழுதுகிறார்கள். சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்துக் கடையில் சிரிக்கும் பையன்களை நான் திட்டியிருக்கிறேன்.

கொங்குநாடன்

மாத்திரை வேண்டாம், பக்கவிளைவு இல்லாத லேகியம் இருக்கிறதே? பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து ஒரு லாட்ஜுக்குப் போய் வாங்கிவந்தேன். நல்ல பலன். தலைவலியும் முகம் சூடாவதும் மட்டும் வருகிறது. எனக்கும் ஸ்டென்ட் இருக்கிறது.

பழைய கம்பவுண்டர்

சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலை செய்து, தலைவலியும் முகச் சூடும் தந்தால், அந்தப் பாட்டிலில் அமுக்கராக்கிழங்கு மட்டும் இல்லை என்று பந்தயம் கட்டுவேன். "மூலிகை" என்று விற்கப்படும் பொருட்களில் சில்டெனாஃபிலும் டடாலஃபிலும் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பல வருடங்களாக எச்சரிக்கை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. அங்கேயே அப்படியென்றால் லாட்ஜ் அறையில் கிண்டியதைப் பற்றி என்ன சொல்வது?

சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் படித்த மருத்துவர் இருக்கிறார், அவரிடம் போங்கள். சீட்டில் எழுதி வாங்கும் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று தெரியும், நெஞ்சுவலி வந்தால் எதைத் தவிர்க்க வேண்டும் என்றும் தெரியும். உங்கள் லேகியத்தில் தெரியாது. சட்டைப்பையில் சார்பிட்ரேட் வைத்திருக்கிறீர்களா?

கொங்குநாடன்

வைத்திருக்கிறேன்.

பழைய கம்பவுண்டர்

லேகியத்தைச் சாப்பிட வேண்டாம். பாட்டிலைத் தூக்கிப் போடாமல் இதய மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

மட்டுறுத்துநர்

தொலைபேசி எண்ணோடு வந்த இரண்டு லேகிய விளம்பரங்கள் நீக்கப்பட்டன. இழை தொடரட்டும்.

முத்துநகர்

இதுவரை முழுக்க ஆண்களின் விறைப்பைப் பற்றியே பேச்சு. பெண்களுக்கும் இதயம் இருக்கிறது.

எனக்கு 31. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்து, இரண்டு வருடத்துக்கு முன் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். இரவில் மின்விசிறி நின்றால் என் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கும். முதல் மாதங்களில் என் கணவர் அந்தச் சத்தம் வேகமெடுத்தாலே விலகிப் படுத்துக்கொள்வார். வேகமெடுக்க வேண்டியதுதானே, எல்லாருக்கும் எடுக்கிறது, எனக்கு வெளியே கேட்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆண் நோயாளிகளிடமாவது சில மருத்துவர்கள் கண்ணடித்துவிட்டு "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. "குழந்தை எத்தனை?" என்று மட்டும் கேட்டார்கள். ஒன்று என்றதும், "போதும்" என்றார்கள். எப்படிப் போதும் என்று சொல்லவில்லை. நான் ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை எடுப்பவள். அது கருவின் முதல் மாதங்களில் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதைப் பயந்து நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். தெரியாமல் கரு உண்டாவது எனக்கு உயிர்ப் பிரச்சினை. ஆனால் அதைப் பற்றிப் பேச யாரும் நாற்காலியை இழுத்துப் போடவில்லை. பக்கத்துக் கடையில் கிடைக்கும் கருத்தடை மாத்திரையை நானே வாங்க இருந்தேன். மகப்பேறு மருத்துவர் ஒருவர் தடுத்தார்.

வார்டு சிஸ்டர்

சகோதரி, உங்கள் பதிவைத்தான் நான் எங்கள் வார்டில் எல்லாருக்கும் படித்துக்காட்டப்போகிறேன்.

அந்த மருத்துவர் தடுத்தது சரி. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கூட்டும். உலோக வால்வு இருப்பவர்களுக்கு அவை கூடவே கூடாது. புரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ள முறைகள், காப்பர்-டி போன்றவற்றில் எது பொருந்தும் என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். ரத்தம் கட்டாத மாத்திரையால் மாதவிடாயில் போக்கு அதிகம் ஆகிறதா என்பதையும் சொல்லுங்கள், அதைப் பொறுத்தும் முறை மாறும். குழந்தை போதும் என்று இருவரும் முடிவெடுத்திருந்தால், மிக எளிய வழி கணவருக்கான வாசக்டமி. தழும்பு தெரியாத சின்னச் சிகிச்சை, அன்றே வீட்டுக்குப் போகலாம். நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்ட மனைவிதான் கருத்தடைக்கும் மறுபடி மேசையில் படுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் கணவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சொல்லத்தான் தைரியம் போதவில்லை, இங்கே சொல்லிவிட்டேன். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு, ஆனால் கரு உண்டாவதற்கு முன்பே மருத்துவரிடம் போக வேண்டும், பின்பு அல்ல.

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களுக்கு: வறட்சியும் எரிச்சலும் பெரும்பாலும் மாதவிடாய் நின்றதால் வருவது, இதய மருந்தால் அல்ல. நீர் சார்ந்த மசகுக் களிம்பு கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். அதை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே கிளினிக்கில் ஒரே மேசையில் இரண்டு வைத்தியர்கள், பின்னால் வரிசையில் ஊரே நிற்கும். வாயால் கேட்க வழியில்லை. நான் ஒரு துண்டுக் காகிதத்தில், "குடும்ப வாழ்க்கையைத் தொடரலாமா? எந்த மருந்தோடு எது கூடாது?" என்று எழுதி, கிளினிக் கொப்பியின் நடுவில் வைத்துக் கொடுத்தேன். இளம் வைத்தியர் வாசித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே அதன் கீழே "தொடரலாம். ஜிடிஎன் பாவிக்கும் நாட்களில் மற்றைய குளிசை வேண்டாம்" என்று எழுதித் தந்தார். ஜிடிஎன் என்பது நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட், மற்றைய குளிசை என்றது விறைப்புக்கான மாத்திரையை. அந்தக் காகிதம் இன்னும் கொப்பிக்குள் இருக்கிறது.

காவிரிக்கரை

வடமராட்சி ஐயாவின் யோசனையைத்தான் செய்தோம். இந்த இழையைக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நெல்லை ஐயாவின் தலையணையைப் படித்துச் சிரித்தார், பிறகு நீண்ட நேரம் பேசவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது, மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவரே இரண்டு வரி எழுதி நீட்டினார். மருத்துவர் படித்துவிட்டு, என்னை வெளியே அனுப்பாமல், இருவரையும் உட்காரச் சொன்னார். டிரெட்மில் செய்ய வைத்தார். 8 மெட்ஸ் வரை வலி இல்லாமல் போனார். "இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?" என்றார். மெட்டோப்ரோலாலை நிறுத்தக் கூடாது, பிரச்சினை இருந்தால் மாற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். உடனே எல்லாம் நடந்தாக வேண்டும் என்று இல்லை, கொஞ்ச நாள் பக்கத்தில் படுத்துத் தூங்குவதிலிருந்தே ஆரம்பியுங்கள் என்றார்.

கூடத்துக் கட்டிலை மாமியார் இப்போது தன் முழங்கால் வலிக்கென்று எடுத்துக்கொண்டார். யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

மேலவீதி

நல்ல செய்தி அம்மா. தம்பியும் மருத்துவரைப் பார்த்துவிட்டான். மாத்திரையை நெபிவலாலுக்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்கே ஒரு சந்தேகம், கேட்கலாமா? 67 வயது, இதயத்தில் ஒன்றும் இல்லை, சர்க்கரை உண்டு. இரண்டு வருடமாக விறைப்புச் சரியில்லை. வயது என்று விட்டுவிட்டேன். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுக்கிறேன்.

பழைய கம்பவுண்டர்

கேட்டது நல்லது. விறைப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான் அகலம். இதயத் தமனி மூன்று, நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் எல்லாக் குழாயையும் ஒன்றாகத்தான் கெடுக்கின்றன, சிறியதில் முதலில் தெரிகிறது. நெஞ்சுவலிக்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்பே விறைப்புக் குறை வந்துவிட்ட நோயாளிகள் நிறையப் பேர். எல்லாருக்கும் அப்படி என்று இல்லை, நரம்பாலும் இருக்கலாம். ஆனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஈசிஜி, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் டிரெட்மில்லும் செய்யுங்கள். டாம்சுலோசினோடு சில்டெனாஃபில் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். எனவே நீங்களாக எதையும் வாங்க வேண்டாம், குறைந்த அளவில் எப்படித் தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார்.

நெல்லை பைபாஸ்

எல்லாரும் இருக்கும்போதே நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். எனக்கு இப்போது நைட்ரேட் இல்லை. மருத்துவர் சீட்டோடு எப்போதாவது சில்டெனாஃபில் எடுக்கிறேன். அன்றிரவே நெஞ்சுவலி வந்து அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், மகனும் மருமகளும் கூட நிற்பார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

வார்டு சிஸ்டர்

அண்ணா, முதலில் சட்டைப்பையில் இருக்கும் பழைய சார்பிட்ரேட்டை நாக்கின் கீழ் வைக்கக் கூடாது, வீட்டில் இருப்பவர்களும் பதற்றத்தில் வைத்துவிடக் கூடாது. 108ஐ அழையுங்கள். மாத்திரையின் பெயரும் எடுத்த நேரமும் ஒரு சீட்டில் இருக்கட்டும், உங்கள் மனைவிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். அவசரப் பிரிவில் செவிலியரைப் பார்த்து, "உறவினர்களை வெளியே அனுப்புங்கள்" என்று சொன்னால் போதும், நாங்கள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்று சொல்லித் திரையை இழுத்துவிடுவோம். பிறகு சொல்லுங்கள். நைட்ரேட் இல்லாமலும் கொடுக்க வேண்டிய மருந்துகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. சீட்டைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள், அந்த நேரத்தில் நாங்கள் கடிகாரத்தைப் பார்த்து மணிக்கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்போம்.